அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

கடித்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாய்தான். கடிபட்டது யார், எந்தக் கை, எந்த அறை என்பதும் தெரியும். துப்பறிய ஒன்றுமே மிச்சம் வைக்காத ஒரு கேஸுக்கு இந்த மனிதர் எங்களை எதற்குக் கூப்பிட்டார் என்று நான் வக்கீலின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவந்துபோய், அடுத்த தும்மலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

பாஸ் உட்காரவில்லை. எந்த வக்கீல் அறையிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டு, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். ஒரே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள் என்று அந்த வேலையை விட்டார் என்பது என் கணிப்பு. என்னை எல்லோரும் ‘வால்’ என்பார்கள். ஆட்களைப் பின்தொடர்வதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். பாஸ் வேறு காரணம் சொல்வார்.

“சயன்டர்,” என்றார் வக்கீல்.

“தும்மினீங்களா சார், சொன்னீங்களா?”

“சொன்னேன். லத்தீன் வார்த்தை. ‘தெரிந்தே’ன்னு அர்த்தம். நாளைக்குக் காலைல நம்ம கேஸ் நிக்கிறதும் விழறதும் இந்த ஒரு வார்த்தைலதான்.”

“பேரைக் கேட்டா சென்ட் பாட்டில் மாதிரி இருக்கு.”

“அவனை விடுங்க. நீங்க சொல்லுங்க,” என்றார் பாஸ்.

வக்கீலுக்கு ஜலதோஷத்தை மறக்க ஒரு சாக்கு கிடைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பழைய இங்கிலாந்துல கோர்ட்டு காகிதம் எல்லாம் லத்தீன்லதான் எழுதுவாங்க. ஒருத்தன் நாய் இன்னொருத்தனைக் கடிச்சா, ‘கடிச்சுது’ன்னு எழுதினா பத்தாது. ‘கடிக்கிற நாய்னு தெரிஞ்சே வெச்சிருந்தான்’னு எழுதணும். அந்தத் ‘தெரிஞ்சே’தான் சயன்டர். அது இல்லைன்னா வழக்கே இல்லை. போகப்போக, அந்த மாதிரி வழக்குக்கே அதுதான் பேருன்னு ஆயிடுச்சு. அப்புறம் ஒரு நாள், லத்தீன் போதும், இங்கிலீஷ்லயே எழுதித் தொலைங்கன்னு சட்டம் வந்துது. முக்கால்வாசி வார்த்தை மூட்டை கட்டிக்கிட்டுப் போயிடுச்சு. இது போகலை.”

“காலி பண்ணச் சொல்லியும் போகாத குடித்தனக்காரன்.”

“போகாதது மட்டும் இல்லை, பக்கத்து வீட்டையும் பிடிச்சுக்கிச்சு. இன்னைக்குப் பங்குச்சந்தைல ஒருத்தன் பொய் சொல்லி வித்தா, அவன் பொய்னு தெரிஞ்சே சொன்னானாங்கறதுக்கும் இதே வார்த்தைதான். நாய்ல ஆரம்பிச்சு அங்க வரைக்கும் வந்திருக்கு.”

“எல்லா மிருகத்துக்கும் இப்படித்தானா?” என்று கேட்டார் பாஸ். நடை நிற்கவில்லை.

“இல்லை. சிங்கம், புலி, கரடின்னா தெரியுமா தெரியாதான்னு யாரும் கேக்க மாட்டாங்க. சிங்கம் கடிக்கும்னு ஊருக்கே தெரியும். நாய் வீட்டு மிருகம். அது நல்லதுன்னுதான் சட்டம் முதல்ல நினைக்கும்.”

“அப்போ முதல் கடி இலவசமா சார்?”

“கிண்டலா அப்படியும் சொல்லுவாங்க. ஆனா கடிச்சேதான் இருக்கணும்னு இல்லை. பாய்ஞ்சிருந்தாலும் போதும், அது அவனுக்குத் தெரிஞ்சிருந்தா. நிறைய ஊர்ல இந்தத் தொல்லையே வேண்டாம்னு, தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும் சொந்தக்காரன் பொறுப்புன்னு புதுச் சட்டம் போட்டுட்டாங்க. இங்க இன்னும் போடலை.”

“இந்த நாய் பேரு என்ன?”

வக்கீல் காகிதத்தைப் பார்த்தார். “சிங்கம்.”

“கேஸ் முடிஞ்சுது,” என்றேன். பாஸ் பேனா மூடியை என் மேல் எறிந்தார்.

“நாயோட சொந்தக்காரர் கப்பல் எஞ்சினியர். வருஷத்துல பாதி கடல்ல. நாய் ஒரு எறும்பைக்கூடக் கடிச்சதில்லைன்னு சத்தியம் பண்றார். ஆளைப் பார்த்தா பொய் சொல்ற முகமாவும் தெரியலை. அதான் எனக்குப் பயம்.”

“தெரிஞ்சுக்கவே கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டிருந்தா?”

“அதுவும் தெரிஞ்ச கணக்குதான். முகத்தைத் திருப்பிக்கிறவனுக்கு அங்க என்ன இருக்குன்னு தெரியும். நாயைப் பார்த்துக்கிற வேலைக்காரனுக்குத் தெரிஞ்சாலும் எஜமானுக்குத் தெரிஞ்ச மாதிரிதான். ஆனா அந்த வீட்டுல வேலைக்காரனே கிடையாது.” அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மூக்கு வென்றுவிட்டது.

கடிபட்ட பெண்ணை அந்தத் தெருவே ‘சீப்பக்கா’ என்று கூப்பிடும். படுக்கையில் கிடப்பவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், கடைக்குப் போக முடியாதவர்கள் என்று வீடு தேடிப் போய் முடி வெட்டுவது அவள் தொழில். தெருமுனையில் சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே முன்னால் கொண்டுவந்து காட்டினாள். கட்டைவிரல் பாதி வரை மடங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

“கத்தரியைப் பிடிக்க வரலை. டாக்டர் எக்சர்சைஸ் பண்ணுன்னு சொல்றாரு. பந்தை அழுத்தறேன். பந்து சிரிக்குது.”

அறையில் காற்று நிம்மதியாக இருக்கவிடவில்லை. வெளியே ஏதோ கேட் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பேசும்போது கண் அடிக்கடி அலமாரியில் இருந்த போனுக்குப் போய்ப் போய் வந்தது.

“ஏம்பா, உன் போன்ல இருந்து என் நம்பருக்கு ஒரு தடவை அடிச்சுப் பாரேன்,” என்றாள் என்னிடம்.

அடித்தேன். அது ஊரைக் கூட்டியது.

“நல்லாத்தான் இருக்குக்கா. இந்தச் சத்தத்துக்குத் தீயணைப்பு வண்டியே வந்துடும்.”

“அடிக்குதுல்ல. சரி,” என்றாள். போனை மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் ஏன் ஜோக் அடித்தேன் என்று இருந்தது.

“இந்தத் தெருவுலயே எத்தனையோ வீடு எனக்கு. ஒருத்தரும் இப்போ கூப்பிடறதில்லை. கையால முடியாதுன்னு கூப்பிடாம இருந்தா சரி. நான் கத்தரியால நாயைக் குத்தினேனாம், அதான் கடிச்சுதாம். அந்தக் கப்பல்காரர் சொல்லிட்டு இருக்காரு. படுத்துக் கிடக்கிறவங்க காது பக்கத்துல கத்தரி வெக்கிறவ நான். குத்தறவன்னு பேர் வந்தப்புறம் யார் தலையைக் குடுப்பாங்க?”

“என்ன நடந்துதுன்னு மட்டும் சொல்லுங்க,” என்றார் பாஸ். இங்கேயும் நின்றுகொண்டேதான்.

“அவரோட மாமனாருக்கு முடி வெட்டப் போனேன். விழுந்து இடுப்பு உடைஞ்சு படுத்திருக்காரு பாவம். பல வருஷமா நான்தான். காது பின்னாடி வெட்டிட்டு இருந்தேன். கதவுக்குப் பின்னாடி இருந்து வந்து கையைப் பிடிச்சுது. குரைக்கக்கூட இல்லை.”

“அதுக்கு முன்னாடி நாய் உங்ககிட்ட எப்படி?”

“எனக்கும் அதுக்கும் பழக்கமே இல்லைக்கா. நான் போற நேரத்துக்குக் கப்பல்காரர் சம்சாரத்தோட தம்பி அதை வாக்கிங் கூட்டிட்டுப் போயிருப்பாரு. அன்னைக்கு என்னவோ வீட்டுல இருந்துது.”

பாஸின் கையில் பேனா மூடி நின்றது.

“ஒவ்வொரு தடவையும் வாக்கிங்கா?”

“நான் கவனிச்சதில்லை. ஆமா, அப்படித்தான்.” அவள் மடங்காத விரலைப் பார்த்துக்கொண்டாள். “கை போனது போகட்டும். அதைக்கூட ஏதோ பண்ணிக்கலாம். தெரிஞ்சே என்னை உள்ள விட்டாங்களான்னு மட்டும் தெரிஞ்சாகணும். படுத்தா இதான் ஓடுது. நான் ஏதாவது பண்ணிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

படி இறங்கும்போது எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. பாஸ் திரும்பிப் பார்த்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்.

தெருவில் யாரைக் கேட்டாலும் சிங்கத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். பார்சல் கொடுக்கும் ஆள், தான் கேட்டைத் திறந்தால் அது செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து கொடுக்கும் என்றான். குழாய் ரிப்பேர்காரர், தான் தொட்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தபோது பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது என்றார். எதிர்வீட்டம்மா ஒரு படி மேலே போனார்.

“என் பேரனோட பல்லு அதோட காதுல பட்டிருக்கு. அதோட பல்லு இவன் மேல பட்டதில்லை. அவ கத்தரியால குத்தினாளாமே, வாயில்லா ஜீவனை.”

“நீங்க பார்த்தீங்களாம்மா?”

“கப்பல்காரர் சொன்னாரே.”

“கப்பல்காரர் பார்த்தாராமா?”

எதிர்வீட்டம்மாவுக்கு அடுப்பில் ஏதோ வைத்தது நினைவுக்கு வந்துவிட்டது.

“பாஸ், ஊரே சாட்சி சொல்லுது, நமக்கு எதிரா,” என்றேன். “போற போக்கைப் பார்த்தா நாய்க்கு அமைதிப் பரிசு குடுத்துடுவாங்க.”

“நல்ல நாய்தான்டா. அதான் இடிக்குது. இவ்வளவு நல்ல நாயை, முடி வெட்ட வர்ற நேரம் மட்டும் ஏன் வெளிய கூட்டிட்டுப் போகணும்?”

கப்பல்காரர் எங்களை விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேஸ் முடியும்வரை கப்பலுக்குத் திரும்பாமல் வீட்டில் இருப்பவர். சீப்பக்காவின் வக்கீல் அனுப்பிய ஆட்கள் என்று பாஸ் ஒளிக்காமல் சொன்ன பிறகும், “வாங்க, தாராளமா பாருங்க. எங்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லை,” என்று கதவை அகலத் திறந்தார். குற்றவாளிகள் இவ்வளவு நன்றாகக் கதவு திறப்பதில்லை.

சிங்கம் வந்தது. சடை சடையாக முடி தொங்கும் பெரிய பழுப்பு நாய். இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. என் முகத்தை முழுக்க நக்கிவிட்டு, கப்பல்காரரின் காலடியில் போய்ச் சாய்ந்தது.

“பாருங்க. இதுவா கடிக்கும்? அந்தப் பொண்ணு ஏதோ பண்ணியிருக்கு. எனக்கு அவ மேல கோபம் இல்லை. ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கே.”

கூடத்தின் ஓரத்தில் கட்டில். மாமனார் படுத்திருந்தார். முடி காதைத் தாண்டி வளர்ந்து தலையணையில் பரவியிருந்தது. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிஸ்கெட் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தார். மைத்துனன் வாசலில் உட்கார்ந்து ஒரு பார்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நைலான் கயிற்றை லைட்டரால் பொசுக்கி அறுத்தான். நாற்றம் கூடம் வரை வந்தது. மாமனாரின் இடுப்புக் கட்டுத் துணி ஓரமெல்லாம் நூல் தொங்கக் கையால் கிழிக்கப்பட்டிருந்தது. எதிரே, நாளிதழிலிருந்து எடுத்து ஒட்டியிருந்த கப்பல் படம். அதன் விளிம்பு நான்கு பக்கமும் பல்லிளித்தது.

கற்காலத்துக்கு வந்துவிட்டோம் என்று பாஸின் காதில் சொன்னேன். சொன்னவன் நான்தான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். புரிந்துகொண்டவர் அவர்.

“சட்டைல ஒரு நூல் பிரிஞ்சு தொங்குது,” என்றார் பாஸ். “ஒரு கத்தரிக்கோல் கிடைக்குமா?”

“இதுக்கென்ன. கத்தரிக்கோல் எடுத்துட்டு வா,” என்றார் கப்பல்காரர் மனைவியிடம்.

“அது எங்கயோ தொலைஞ்சு போச்சுங்க.”

“எப்படித் தொலையும்? போன லீவுக்கு வந்தப்போ நானே ஒரு செட்டு வாங்கிட்டு வந்தேனே. பெரிசு, சின்னது, நகம் வெட்டறது வரைக்கும் இருந்துதே.”

“தேடணும்.”

“நான் தேடறேன்.” எழுந்துபோய் மேஜை இழுப்பறைகளைத் திறந்தார். தையல் டப்பாவைக் கவிழ்த்தார். சமையலறையில் ஏதோ உருண்டது. வெறுங்கையோடு திரும்பிவந்து, தன் வீட்டிலேயே வழி தெரியாதவர் மாதிரி நின்றார். “ஒண்ணுகூட இல்லையே. இது என்ன வீடு?”

“பரவாயில்லை சார், உட்காருங்க. என் பையிலேயே ஒண்ணு இருக்கும்.”

பாஸ் கைப்பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளே கையை விட்டார்.

நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கப்பல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனால் வாசலில் இருந்த மைத்துனன் பார்சலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாய்ந்தான். நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தரதரவென்று பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். மனைவி அவன் பின்னாலேயே ஓடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாள் போட்ட கையை எடுக்காமல், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பாஸ் பையிலிருந்து கையை எடுத்தார். கையில் ஒரு கைக்குட்டை.

“என் பையில கத்தரிக்கோல் கிடையாது,” என்றார்.

காற்றில் எங்கோ அதே கேட் அடித்துக்கொண்டிருந்தது. கப்பல்காரர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் பிடிக்க வந்த ஆள், அந்த வீட்டில் நடமாடக்கூடியவர்களில் அசையாமல் இருந்த ஒரே ஆள். அவருக்கு நிஜமாகவே தெரியாது.

“என்ன நடக்குது இங்க?” என்றார்.

“சார், உங்க வீட்டுல பிஸ்கெட்டைப் பல்லால பிரிக்கிறாங்க. கயிறைப் பொசுக்கறாங்க. கட்டுத் துணியைக் கிழிக்கிறாங்க. பேப்பர் படத்தையும் கையாலயே கிழிச்சு ஒட்டறாங்க. அதுல எதுவும் தப்பில்லை. ஆனா இத்தனையும் ஒரே வீட்டுல நடந்தா, அந்த வீட்டுக்கு எதையோ பார்த்துப் பயம்னு அர்த்தம். நீங்க லீவுக்கு வந்து போறவர். உங்களுக்கு இது கண்ணுல படலை.”

மனைவி கதவை விட்டு வரவில்லை. “தம்பி, காட்டுடா,” என்றார், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.

மைத்துனன் பக்கவாட்டு வழியாக வந்தான். சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினான். பழைய தழும்பு, நீளமாக, கோணலாகத் தைத்தது.

“சடை விழுந்துதேன்னு வெட்டிவிட்டேன் மாமா. காதுல பட்டுடுச்சு, கையைக் கடிச்சுடுச்சு. தப்பு என்னுதுதான். அதுல இருந்து கத்தரியைப் பார்த்தாலோ சத்தம் கேட்டாலோ அது வேற நாயாயிடும். மத்தபடி உங்களுக்கே தெரியும், அது குழந்தை.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“கடிச்ச நாயை ஒரு நாள்கூட வீட்டுல வெக்க மாட்டேன், அன்னைக்கே ஊசி போட்டுடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க, வாங்கிட்டு வந்த அன்னைக்கே,” என்றார் மனைவி. “இவனுக்கு வேலை இல்லை. நாயைப் பார்த்துக்கறான்னு ஒரு பேச்சாவது இருந்துது. நாய் போச்சுன்னா இவன் எதுக்கு இங்கன்னு நீங்க கேக்க மாட்டீங்க. ஊர் கேக்கும். அதான் கத்தரியெல்லாம் எடுத்துத் தூரப் போட்டேன். முடி வெட்ட வர்றப்போ வாக்கிங் அனுப்பிடுவேன். ஒரு பிரச்சினையும் இல்லாமதான் இருந்துது.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தீங்க. வெயில் ஏறுது, நாய் எங்கயும் போக வேண்டாம், எங்கூட இருக்கட்டும்னு சொன்னீங்க. நான் சமையல்கட்டுல இருந்தேன். கத்தரிச் சத்தம் கேட்டுது. ஓடிவந்து நாயைக் கட்டினா, ஏன்னு கேப்பீங்க. கொஞ்ச நேரம்தானே, முடிஞ்சிடும்னு...” அவர் தாழ்ப்பாளை இறுகப் பிடித்தார். “கேட்டுக்கிட்டே நின்னேன்.”

“எனக்கும் தெரியும் மாப்பிள்ளை,” என்றது ஒரு குரல்.

கட்டிலிலிருந்து. மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்தப் பொண்ணு எனக்குச் சிரிப்புக் கதை சொல்லிட்டே வெட்டும். நாய் கதவோரம் வந்து நின்னதை நான் பார்த்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னா மகனுக்கும் மகளுக்கும் கஷ்டம்னு இருந்துட்டேன்.”

கப்பல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா, வேறா, நான் உற்றுப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் நாய் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் இல்லை.

“நாயை யார் பார்த்துக்கறாங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்க,” என்றார் பாஸ். “உங்க மச்சான்தான். அவருக்குத் தெரிஞ்சா உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குன்னு சட்டம் சொல்லுது.”

“சட்டம் கிடக்கட்டும் மேடம். அவ குத்தினாள்னு நான் தெரு முழுக்கச் சொன்னேனே. பார்க்காமலே சொன்னேன். என் நாய் அப்படி இல்லைன்னு ஒரு திமிர்.”

மைத்துனன் தயங்கி நின்றான். “மாமா, நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வந்து சொல்லிடறேன். சிங்கத்தை மட்டும்...”

கப்பல்காரர் பின்கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் நாய் காலால் பிராண்டிக்கொண்டிருந்தது.

“கடிச்சது அது. மறைச்சது நாம. அதுக்கு மட்டும் ஊசியா?” என்றார். “இனிமே வாய்க்கூடு போடு. யார் வந்தாலும் வாசல்லயே விஷயத்தைச் சொல்லு. முதல்ல கிளம்பு, அந்தப் பொண்ணு வீட்டைக் காட்டு.”

சலவைக் கடை மாடிப்படியில் எல்லோரும் ஏறியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சீப்பக்கா கதவைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினாள். மைத்துனன் தழும்பைக் காட்டினான். கப்பல்காரர் மனைவி படியிலேயே நின்று, அங்கிருந்தே சொன்னார். சமையல்கட்டில் நின்றதையும் விடாமல் சொன்னார்.

“சத்தம் கேட்டுதா உங்களுக்கு?”

“கேட்டுது.”

“அப்போ நான் உங்கப்பாவுக்கு ஜோக் சொல்லிட்டு இருந்தேன். அதுவும் கேட்டுதா?”

அந்த அம்மா தலையை ஆட்டினார்.

“எனக்கு இப்போ உங்க மேல ரொம்பக் கோபமா வருது,” என்றாள் சீப்பக்கா. கத்தவில்லை. “மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இன்னைக்கு என்னால முடியாது.” பிறகு கப்பல்காரரிடம் திரும்பினாள். “அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. சத்தியமா.”

“நம்பறேன். இப்போ தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நான் குத்தினேன்னு எந்தெந்த வீட்டுல சொன்னீங்க?”

“எல்லா வீட்டுலயும்.”

அவள் தெருப் பக்கம் பார்த்தாள். கப்பல்காரரும் பார்த்தார். பிறகு படி இறங்கினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். முதல் வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினார். யாரோ வந்தார்கள். கை கூப்பினார், பேசினார், அடுத்த கேட்டுக்கு நடந்தார். எதிர்வீட்டம்மா வாசலில் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டார். அந்த மனிதர் ஒரு வீட்டையும் விடவில்லை.

பாஸ் வக்கீலுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெரிய தும்மல். சந்தோஷத் தும்மல் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு பாஸ் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“என்னடா?”

“ஒண்ணும் இல்லை பாஸ். ஃபோட்டோ எடுக்கலாமான்னு யோசிச்சேன்.”

அலமாரியில் போன் அலறியது.

என் வேலையோ என்று சீப்பக்கா என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய்த் திரையைப் பார்த்தாள். எதிர்வீட்டம்மாவின் பெயர் என்று அவள் உதடு அசைந்ததில் தெரிந்தது. இடது கையை நீட்டியவள், தொடாமல் அப்படியே நின்றாள்.

“எடுக்கலையாக்கா?”

“எடுக்கறேன்,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கொஞ்சம் அடிக்கட்டும்.”